ஓய்வுநேரக் கண்டுபிடிப்பு யாருக்கு உரியது?

கலிபோர்னியாவின் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் கணிப்பான்களை வடிவமைத்துவந்த ஸ்டீவ் வோஸ்னியாக், இரவுகளில் தம் விருப்பத்திற்காக ஒரு கணினியை உருவாக்கினார். பணியில் இருக்கையில் தாம் வடிவமைப்பது நிறுவனத்திற்கே உரியது என்று கருதிய அவர், அதை முதலில் அங்கேயே காட்டினார். அந்நேர்மை எல்லாரிடமும் எதிர்பார்க்கத்தக்கதன்று. நிறுவனம் வேண்டாமென்று உரிமையை விட்டுக்கொடுத்தது. 1976இல் அக்கணினியே ஆப்பிள்-1 ஆக விற்பனைக்கு வந்தது.

1979இல் அம்மாநிலம் தன் தொழிலாளர் சட்டத்தில் 2870ஆம் பிரிவைச் சேர்த்தது. பணியாளர் தம் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவி, இடம், தொழில் மறைபொருள் ஆகியவற்றைப் பயன்படுத்தாமல் உருவாக்கியதை நிறுவனம் கோர இயலாது. பணி ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிருப்பினும் செல்லாது. ஆனால், கண்டுபிடிப்பு நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையதாயின் இப்பாதுகாப்பு இல்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. தேடுபொறி முதல் கைப்பேசி வரை அனைத்திலும் கால்பதித்த பெருநிறுவனத்தோடு தொடர்பற்ற மென்பொருள் எது?

வோஸ்னியாக்கோ தம் அலுவலக மேசையிலேயே இரவில் உழைத்தவர். அவருடைய நிறுவனமும் கணினிகளை விற்றுவந்தது. இப்பிரிவு அன்றே இருந்திருப்பினும் அவரைக் காத்திருக்காது. அவரைக் காத்தது, முன்கூட்டியே கேட்டுப் பெற்ற இசைவே.