வேறுபாடும் நோயும்

சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்துப் பருத்திப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அப்பெயரைக் கேட்கும் அயலார், அங்குப் பருத்தியோடு பட்டும் நெய்வர் போலும் என எண்ணக்கூடும். ஆயினும், ஊர்ப்பெயரின் ஈற்றில் வரும் 'பட்டு' ஆடையைக் குறிப்பதன்று, சிற்றூரைக் குறிப்பதாம். தோற்றத்தை மட்டும் கண்டு பொருள் கொள்ளின் பிழை நேரும். குருதியை ஆராயும் மருத்துவரும் இத்தகைய பிழைக்கு ஆளாகாமல் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நம் குருதிநீரில் மிகுதியாக உள்ள புரதம் ஆல்புமின் ஆகும். கல்லீரலில் உண்டாகும் இது, குருதிக் குழாய்களினின்றும் நீர் மிகையாகக் கசியாதவாறு காக்கின்றது. மருந்துகளையும் சுரப்புநீர்களையும் சுமந்து செல்கின்றது. சொல்லில் எழுத்துகள் போல, 585 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பெற்றது இப்புரதம்.

குருதிநீரினூடே மின்சாரத்தைச் செலுத்தினால், புரதங்கள் தத்தம் மின்னேற்றத்திற்கு ஏற்ப விரைந்தும் மெல்லவும் நகர்ந்து பட்டைகளாகப் பிரியும். ஆல்புமினுக்கு உரியது பொதுவாக ஒரே பட்டை. 1955இல் ஷாய்ர்லன் என்னும் அறிஞர், ஒருவர் குருதியில் ஆல்புமின் இரு பட்டைகளாகப் பிரிந்ததைக் கண்டு எழுதினார்.

வட இந்தியாவினின்றும் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் இப்புதுமை காணப்பட்டது. அவ்வகைகளுக்கு வான்கூவர், பர்மிங்காம் என்னும் நகர்களின் பெயர்கள் இடப்பட்டன. துருக்கி நாட்டில் கண்ட வகை அதனா எனப்பட்டது. 1988இல் வெளிவந்த ஆய்வொன்று, மூன்றிலும் 501ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்கு மாறாக லைசின் நிற்பதைக் காட்டியது. பெயர்கள் மூன்று, பொருள் ஒன்றே!

பெற்றோருள் ஒருவரிடமிருந்து இம்மாற்றத்தைப் பெற்றவர் குருதியில் இருவகை ஆல்புமினும் இருக்கும். பெரும்பாலும் இதனால் தீங்கு யாதும் இல்லை. பென்சிலின் மருந்தை மிகுதியாகப் பெற்றோரிடமும், கணைய நோயுற்றோரிடமும் சிலபோது இரு பட்டைகள் தோன்றிப் பின் மறைவதுண்டு. ஆதலின், காரணம் ஆராய்தல் கடமையாகும்.

மற்றொரு வகை ஆல்புமின், தைராக்சின் என்னும் சுரப்புநீரை அளவிறந்து பற்றிக்கொள்ளும். அதனால் சோதனையில் தைராக்சின் மிகுந்து தோன்றும். உடலோ நலமாகவே இருக்கும். சோதனையின் எண்ணை மட்டும் நம்பினால், நோயில்லாதவர்க்கு மருந்து கொடுக்கும் தவறு நேர்ந்துவிடும்.

எனவே, மாணவர்களே! வேறுபாடெல்லாம் குறைபாடு அன்று. கண்டதை உடனே முடிவெனக் கொள்ளாது, காரணத்தை நாடி அறிவதே அறிவியல் நெறியாகும்.