ஆன்லைன் மாநாட்டுக்கு எதுக்கு காசு? – பாஸ் சமிட் 2020

எஸ்.கியூ.எல். சர்வர் ஆட்கள் வருஷா வருஷம் கூடுற மாநாடு பாஸ் சமிட். பெரும்பாலும் அமெரிக்காவுல, சியாட்டில்ல நடக்கும். 2020 நவம்பர்ல கொரோனாவால முழுக்க ஆன்லைனுக்குப் போச்சு.

உடனே வந்த புகார் டிக்கெட் விலை பத்தி. வீட்ல உக்காந்து வீடியோ பார்க்க எதுக்குக் காசுன்னு கேட்டாங்க. நியாயம்தான், அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் இக்னைட் இலவசமா நடந்துச்சு. அடுத்த குறை, அந்த காரிடார் பேச்சு இல்லங்கறது. நேர்ல போனா டீ பிரேக்ல ஒருத்தரைப் பிடிச்சு நம்ம டெட்லாக் பிரச்சனையைக் காட்டிக் கேக்கலாம். சாட் பாக்ஸ்ல அது அமையாது. ஆனா ஒண்ணு: முன்னாடியே பதிவு பண்ண செஷன் ஓடும்போது பேச்சாளரே சாட்ல பதில் சொல்ல முடியும். மேடைல பேசிட்டு இருக்கறவரால அது முடியுமா? (அங்க காலை எட்டு மணின்னா நமக்கு ராத்திரி ஒன்பதரை. விசா செலவு இல்லைல்ல, முழிச்சுக்கலாம்.)

அந்தக் காசு எங்க போச்சுன்னும் பார்க்கணும். பாஸ் அமைப்போட இலவச வெபினார், உள்ளூர் பயனர் குழுக்களுக்கான உதவி எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு மாநாட்டு வருமானத்துலதான் ஓடுச்சு. அது விழுந்ததும் டிசம்பர்ல மூடுறோம்னு அறிவிச்சாங்க. 2021 ஜனவரி 15-ஓட எல்லாம் நின்னுது.

அப்புறம் ரெட்கேட் நிறுவனம் பாஸோட சொத்துகளை வாங்கி, அதே வருஷம் நவம்பர்ல ஆன்லைன்ல நடத்துச்சு. பொது செஷன்கள் இலவசம். அவங்களுக்கு விக்க டூல்ஸ் இருக்கு, கட்டுப்படியாகும். பாஸ்கிட்ட விக்க இருந்தது டிக்கெட்டும் ஸ்டாலும்தான்.