திரை கறுத்தாலும் மீட்டர் ஓடும்

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு யுபிஎஸ். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரம்; ஏசி தேவையே இல்லை. ஆனாலும் கரண்ட் பில் எகிறியது.

காரணம் பனிமூட்டம். ஈரம் ஏறிவிடுமே என்று பயந்து ராத்திரியும் மெஷின்களை அணைக்காமல் விடுவேன். ஒருநாள் கணக்குப் போட்டேன். வேலையில்லாமல் ஓடும் கம்ப்யூட்டர் 60 வாட் இழுத்தால், இரண்டுக்கும் 14 மணி நேரத்தில் 1.68 யூனிட். மாதத்துக்கு 50 யூனிட் தண்டம்!

ஸ்கிரீன் சேவரும் காப்பாற்றாது. பழைய டப்பா மானிட்டரில் படம் தடமாகப் பதியாமலிருக்க வந்தது அது. இப்போது வேலையில்லாவிட்டால் பத்து நிமிடத்தில் திரை அணையும்படி வைத்திருக்கிறேன். அரைமணியில் கம்ப்யூட்டர் தூங்குகிறது.

லேசர் பிரிண்டரில் மைப்பொடியை உருக்கித் தாளில் ஒட்ட, உருளை ஏறத்தாழ 200 டிகிரி சூடாக வேண்டும். அடிக்கடி சூடேற்றினால் செலவு. அவசரமில்லாத பிரிண்டுகளைச் சேர்த்து ஒரே மூச்சில் எடுக்கிறேன். தாள்கட்டு மூடிய டப்பாவில் இருக்கிறது, ஈரம் அண்டுவதில்லை.

ஒரு டெஸ்க்டாப் பழுதானதும் லேப்டாப் வாங்கினேன். அதே வேலைக்குப் பாதி மின்சாரம்கூட ஆகவில்லை. மின்சிக்கனத்துக்கான ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரை 1992-ல் அமெரிக்காவில் தொடங்கியதே கம்ப்யூட்டர், மானிட்டர்களில்தான்.

மலைக்குக் கீழே மேட்டூரில் நிலக்கரி எரிந்து மின்சாரம் வருகிறது. அது வீணாகாமலிருக்க, ஷட்டரை இழுக்குமுன் யுபிஎஸ் சுவிட்சையும் ஒருமுறை பாருங்கள்.