பணம் வருமுன் பட்டியல் வரட்டும்

2025 தீபாவளிக்கு முந்தைய நாட்களில் முல்லைப் பெரியாறு கரைபுரண்டு, கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயல்கள் மூழ்கின. கோடையில் சூறைக்காற்று அடித்தால் குலை தள்ளிய வாழை சாய்கிறது. எது நடந்தாலும் விஏஓவும் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரும் வந்து கணக்கெடுக்கிறார்கள். மாதங்கள் கழித்து ஒருவருக்குப் பணம் ஏறுகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஏறுவதில்லை. கேட்டால், "லிஸ்ட்டில் உங்க பேர் இல்லையே" என்கிறார்கள்.

அந்த லிஸ்ட்டை முன்கூட்டியே யாராவது பார்த்தார்களா?

33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் சேதமானால்தான் நிவாரணம். 2015 வரை இது 50 ஆக இருந்தது. 2023 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்த தொகை இது: நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500. 17,000 என்பது ஏக்கருக்கு 7,000கூட ஆகாது. செய்த செலவுக்கு முன் இது சொற்பம். அந்தச் சொற்பமும் கைமாறிப் போனால் குத்தகைக்காரர் எங்கே போவார்?

பெயர் விடுபடுவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான். பட்டா உரிமையாளர் பெயரில் இருக்கும். உழைத்தவர் பெயர் எங்கும் இருக்காது. தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்களுக்கும் இதே கதி. ஆகவே விதைத்த கையோடு விஏஓவின் அடங்கல் பதிவேட்டில் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சேதமான அன்றே படம் எடுத்து, சர்வே எண்ணோடு விஏஓவிடம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

பெயர் விடுபடுவது மட்டுமல்ல, சேரக் கூடாத பெயர் சேர்வதும் உண்டு. 2020இல் விவசாயிகளுக்கான மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகைத் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. 110 கோடி ரூபாய் முறைகேடு என்றது அரசு. அந்தத் திட்டத்தின் பயனாளிகளைக் கிராமவாரியாக இணையத்தில் பார்க்கலாம். ஆனால் வயலில் நிற்பவர் இணையத்தில் போய்த் தேடுவாரா? ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால், ஊருக்குச் சம்பந்தமில்லாத பெயரை டீக்கடைக்குப் போகிறவரே கண்டுபிடித்துவிடுவார்.

மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. நிவாரணத்துக்கும் அதே நியாயம்தான் என்பது என் உறுதியான எண்ணம். வெளியிடாவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஒன்றில் மட்டும் கவனம். ஆதார், வங்கிக் கணக்கு எண்களைக் கேட்காதீர்கள். அவை அடுத்தவரின் அந்தரங்கம். பெயர், சர்வே எண், பரப்பு, சேத சதவீதம், தொகை போதும். அதையும் தனிநபர் தகவல் என்று மறுத்தால், பொதுநலனை முன்னிறுத்தும் அதே சட்டத்தின் 8(2) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

நவம்பர் 1, ஜனவரி 26 போன்ற கிராமசபை நாட்களில் கணக்கெடுப்புப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விடுபட்ட பெயர்களைத் தீர்மானத்தில் எழுதவைத்து, அதன் நகலோடு நம் வட்டமான உத்தமபாளையத்தின் தாசில்தாரைப் பாருங்கள். பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்னால் பாருங்கள்.