முன்பாரம், பின்பாரம்

திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள், பிசான அறுவடை முடிந்த சமயமாகப் பார்த்து ஒரு தடவை போய் வாருங்கள். சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையிடையே வாய்க்காலும் வயலும் வரும். திடீரென்று, ஒரு வைக்கோற்போரே எழுந்து நடந்து போவது போல் முன்னால் ஒன்று அசைந்து கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால்தான் அடியில் சக்கரங்கள் தெரியும். லாரிதான்!

நம் பஸ் அதைத் தாண்டும்போது ஜன்னலோரத்தில் கையை வைத்திருந்தால், வைக்கோல் வருடிவிட்டுப் போகும். குழந்தைகளுக்குச் சிரிப்பு. நமக்கும் சிரிப்புத்தான். ஆனால் அந்த லாரியின் முன்னறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு சிரிப்பு வராது.

அந்த வைக்கோலில் பெரும்பகுதி தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு கடந்து கேரளத்துப் பசுக்களுக்குப் போகிறது. இப்போது அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே வைக்கோலைச் சுருட்டுகிற இயந்திரமும் வயலுக்கு வந்துவிட்டது. பாய்ச்சுருள் மாதிரி உருண்டை உருண்டையாய்க் கட்டுகள். அடுக்குவது சுலபம், உருண்டு விழுவதும் சுலபம். தாழ்ந்து தொங்கும் மின்சாரக் கம்பியில் உச்சி உரசிவிட்டாலோ கேட்கவே வேண்டாம், நடுரோட்டில் சொக்கப்பனைதான்.

நம் பாட்டிகள் காலத்தில் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது "முன்பாரமா, பின்பாரமா?" என்று பார்ப்பார்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறந்த நாள் முதல், எத்தனை நெல் வண்டிகளும் பருத்தி வண்டிகளும் அந்தக் கணக்குப் பார்த்துத் தாமிரபரணியைக் கடந்திருக்கும்! லாரிக்கும் அதே கணக்குத்தான். பின்னால் பாரம் மிஞ்சினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. என்ன வித்தியாசமென்றால், மாடு நகர மறுத்துவிடும், இஞ்சின் மறுக்காது.

அதனால்தான் வழியில் நிறுத்திப் பார்க்கிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஜனங்கள் சொல்லுகிற மோட்டார் வாகன ஆய்வாளர் கையைக் காட்டுவார். லைசென்ஸ், ஆர்.சி., பர்மிட், இன்ஷூரன்ஸ், எப்.சி. எல்லாம் பார்த்தாகும். அப்புறம் கண் பாரத்தின் மேல் போகும். சந்தேகம் வந்தால் "எடை மேடைக்கு விடு" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் எடை மேடை இருந்தால் போய்த்தான் தீர வேண்டும். "போகமாட்டேன்" என்றால் அதற்கென்றே அபராதம் 40,000 ரூபாய்.

மற்ற அபராதங்களையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அதன்படி அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வேறு. எடை சரியாக இருந்து, பாரம் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலும், அதற்கும் 20,000. அதிகப்படியை அங்கேயே இறக்க வேண்டும். இறக்கும் கூலியும் வண்டிக்காரர் தலையில்தான். இறக்காமல் வண்டி நகரக் கூடாது. ராத்திரி 2 மணிக்கு, நாங்குநேரிக்குத் தெற்கே பொட்டல் வெளியில், 3 டன் ஜல்லியை எங்கே இறக்குவது, யாரை வைத்து இறக்குவது, இறக்கியதை யார் காவல் காப்பது? யோசித்துப் பாருங்கள். (இந்த மாதிரி நேரத்தில்தான் ரசீது இல்லாத பேரம் தலை காட்டும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.)

பணம் போனால் போகட்டும் என்று சொல்லலாம். லைசென்ஸ் போனால்? உச்ச நீதிமன்றம் நியமித்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றிப் பிடிபட்டால், ஓட்டுகிறவரின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று. முதலாளிக்குப் பெரிய நஷ்டமில்லை; வேறு டிரைவரைப் போட்டு மறுநாளே வண்டியை ஓட்டுவார். அந்த டிரைவரின் வீட்டில் 3 மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பாரில்லை. பாரத்தை ஏற்றியவர் அவரல்ல. எவ்வளவு ஏற்றுவது என்று தீர்மானித்தவரும் அவரல்ல. நோட்டீஸ் மட்டும் அவர் பேருக்கு.

சட்டம் அவ்வளவு குருடாகவும் இல்லை. "ஓட்டுகிறவர்" என்று மட்டும் அது சொல்லவில்லை. "ஓட்டச் செய்கிறவர், ஓட்ட விடுகிறவர்" என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. முதலாளியையும் கேட்கலாம் என்றுதான் அர்த்தம். கேட்கிறார்களா என்பது வேறு விஷயம். ரோட்டில் நிற்கிறவர் டிரைவர் ஒருவர்தானே!

"இதெல்லாம் லாரிக்காரர் சமாசாரம், எங்களுக்கு எதற்கு?" என்கிறீர்களா? கோபித்துக் கொள்ளாதீர்கள், இனிமேல்தான் உங்கள் சமாசாரமே வருகிறது.

வீடு கட்டுகிறீர்கள். எம்-சாண்ட் வேண்டும். "அண்ணாச்சி, கொஞ்சம் சேத்துப் போட்டு விடுங்க, ரெண்டு நடையா வேண்டாம், ஒரே நடையா முடிச்சிருங்க" என்று போனில் சொல்கிறோமா இல்லையா? ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எடை ஏறக்குறைய நாலரை டன். 3 யூனிட் என்றால் பதின்மூன்றரை டன். ஆறு சக்கர லாரியே சும்மா நிற்கும்போது ஆறேழு டன் இருக்கும். சரக்கும் வண்டியும் சேர்த்து இருக்க வேண்டிய எடை 2018 ஜூலையில் உயர்த்திய பிறகும் பதினெட்டரை டன்தான். ஆகவே நாம் சாமர்த்தியமாய்க் கேட்ட "ஒரே நடை"யில் ஒன்றிரண்டு டன் அதிகம். 2 டன் என்று வைத்துக்கொண்டால் அபராதம் 24,000. நாம் மிச்சம் பிடித்தது ஒரு நடைக் கூலி.

இன்னொன்று, இரும்புக் கம்பி. சின்ன லாரியில் கம்பியை ஏற்றி, வாலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்பது நம் வெகுநாளைய நம்பிக்கை. முன்பு பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. 2014-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவருக்கு இருட்டில் சிவப்புத் துணியும் தெரியாது, கம்பி முனையும் தெரியாது. பெரிய பெரிய காற்றாலை இறக்கைகள் தூத்துக்குடிச் சாலையில் போகின்றனவே என்று கேட்பீர்கள். அவை தனி அனுமதி வாங்கிக்கொண்டு போகின்றன.

இனிக் கயிற்றுக்கு வருவோம். பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நின்று கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? லாரியில் சரக்கும் அப்படித்தான். வண்டி நிற்கும், சரக்கு நிற்காது. நம் ஊர் விதிகள், ஆபத்து உண்டாகும்படி ஏற்றக் கூடாது என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அமெரிக்காவிலோ கணக்கே போட்டிருக்கிறார்கள். முன்பக்கமாய்ச் சரக்கு எடையில் 100-க்கு 80 பங்கு, பக்கவாட்டில் பாதி, இவ்வளவு இழுப்பையும் கட்டு தாங்க வேண்டும். 10 டன் சரக்கானால் முன்பக்கம் 8 டன் இழுப்பு. பழைய நைந்த கயிறு எந்த மூலைக்கு!

அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. புறப்பட்ட 50 மைலுக்குள் டிரைவர் ஒரு முறை இறங்கிக் கட்டைச் சோதிக்க வேண்டும். பிறகு 150 மைலுக்கு ஒரு தடவை, அல்லது 3 மணிக்கு ஒரு தடவை. ஏனென்றால் குலுங்கிக் குலுங்கிச் சரக்கு அமுங்கிவிடும். போடும்போது விறைப்பாயிருந்த முடிச்சு தொளதொளத்துப் போகும். ஊறுகாய் ஜாடியில் அமுக்கி நிரப்பியது மறுநாள் இறங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

50 மைல் என்பது திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறையக் கன்னியாகுமரி தூரம். அந்தச் சாலையில் அவ்வளவு தூரம் காத்திருக்கவும் முடியாது. காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று போகும்போது, ஆனி ஆடியில் கணவாய்க் காற்று தார்ப்பாயைப் பிய்த்து எறியப் பார்க்கும். அனுபவப்பட்ட டிரைவர்கள் அதற்கு முன்னாலேயே ஒரு டீக்கடையில் ஒதுங்குவார்கள். கிளீனர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் டிரைவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி, கயிற்றை விரலால் சுண்டிப் பார்ப்பார். தம்புராத் தந்தி மாதிரி அதிர்ந்தால் சரி. அதிராவிட்டால் கிளீனருக்கு டீ ஆறிப்போகும்.

அடுத்த முறை உங்கள் வாசலில் மணல் லாரி வந்து நிற்கும்போது எடைச் சீட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டும் வரையில் டிரைவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார்.