கைக்கேற்ற விசைகள்

நுழையும்முன்

கணினியில் எழுதியதைச் சேமிக்கவும், நகலெடுக்கவும், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறவும் தனித்தனி விசைச் சேர்க்கைகள் உள்ளன. பிறர் வகுத்தவாறே அவற்றைக் கற்றுப் பயன்படுத்துகிறோம். அவை எவ்வாறு தோன்றின, அவற்றை நமக்கேற்ப மாற்றியமைக்க இயலுமா, மாற்றும்போது எவற்றைக் கருத வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

விசையும் செயலும்

பழைய தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு விசையும் ஓர் உலோகக் கரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. விசையை அழுத்தினால் அக்கரம் எழுந்து, தன் முனையிலுள்ள எழுத்தைத் தாளில் பதிக்கும். ஒரு விசைக்குரிய எழுத்தை மாற்ற விரும்பினால் பொறியின் உறுப்பையே மாற்ற வேண்டும்.

கணினியில் அத்தகைய பிணைப்பு இல்லை. ஒரு விசையை அழுத்தியதும், எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் எண் மட்டுமே கணினிக்குச் செல்கிறது. அதனை முதலில் இயங்குதளம் பெறுகிறது. பின்னர், அப்போது பயன்பாட்டிலுள்ள உரைத்திருத்தி பெறுகிறது. உரைத்திருத்தியிடம் ஓர் அட்டவணை உண்டு. அதன் ஒருபுறம் விசைச் சேர்க்கைகளும் மறுபுறம் அவற்றுக்குரிய செயல்களும் இடம்பெற்றிருக்கும். 'கன்ட்ரோல்' விசையோடு 'எஸ்' விசையை அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படுகிறது. அவ்வட்டவணையில் அவ்விரண்டும் ஒரே வரியில் இணைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். அவ்வரியைத் திருத்தினால் விசையின் செயலும் மாறிவிடும். ஒரு செயலை விரைந்து நிகழ்த்த உதவும் இத்தகைய சேர்க்கையைக் குறுக்குவிசை என்கிறோம்.

தெரிந்து தெளிவோம்

விசையையும் எழுத்தையும் இணைப்பதும் ஓர் அட்டவணையே. 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறத்திலும் மெய்யெழுத்துகளுக்குரிய விசைகள் வலப்புறத்திலும் அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் 'எச்' எழுத்தைத் தரும் அதே விசை, தமிழ் 99 அமைப்பைத் தேர்ந்ததும் 'க' என்னும் எழுத்தைத் தருகிறது. விசைப்பலகை மாறுவதில்லை, அட்டவணை மட்டுமே மாறுகிறது.

குறுக்குவிசைகள் தோன்றிய கதை

இன்று இயல்பானவையாகத் தோன்றும் குறுக்குவிசைகள், சில மனிதர்கள் தம்மிடமிருந்த கருவிகளுக்கேற்பச் செய்த தேர்வுகளேயாகும்.

1970களின் நடுவில் அமெரிக்காவிலுள்ள ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகியோர் 'ஜிப்சி' என்னும் உரைத்திருத்தியை உருவாக்கினர். எழுதிய பகுதியை வெட்டி வேறிடத்தில் ஒட்டும் முறை அதில் உருப்பெற்றது. பின்னர் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'லிசா' கணினியில் திரும்பப் பெற 'இசட்', வெட்ட 'எக்ஸ்', நகலெடுக்க 'சி', ஒட்ட 'வி' ஆகிய விசைகள் அமைந்தன. இந்நான்கும் விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். இடக்கை விரல்களுக்கு அவை எளிதில் எட்டுகின்றன.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற பில் ஜாய், 1976இல் 'விஐ' என்னும் உரைத்திருத்தியை எழுதினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை. 'எச்', 'ஜே', 'கே', 'எல்' ஆகிய எழுத்து விசைகளின்மீதே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே, இடம்பெயர அவ்வெழுத்துகளையே அவர் பயன்படுத்தினார். அம்முனையம் வழக்கொழிந்துவிட்டது. எனினும், அதன் விசையமைப்பை இன்றும் மென்பொருள் வல்லுநர் பலர் பின்பற்றுகின்றனர்.

1978இல் வெளிவந்த 'வேர்டுஸ்டார்' வேறொரு வழியைக் கண்டது. 'கன்ட்ரோல்' விசையோடு 'இ' மேலே செல்லவும், 'எக்ஸ்' கீழே செல்லவும், 'எஸ்' இடப்புறம் செல்லவும், 'டி' வலப்புறம் செல்லவும் பயன்பட்டன. விசைப்பலகையில் இந்நான்கு விசைகளும் அமைந்துள்ள இடமே திசையை உணர்த்திவிடும்.

ஒரே செயலுக்கு வெவ்வேறு வழிகள் இருந்தன என்பதே, இவற்றுள் எதுவும் மாற்றவியலாத விதி அன்று என்பதைக் காட்டுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் முதலியோர் 1976இல் உருவாக்கிய 'ஈமாக்ஸ்' உரைத்திருத்தி இதனைக் கொள்கையாகவே கொண்டது. பயன்படுத்துவோரே தமக்கு வேண்டிய கட்டளைகளை எழுதி, விரும்பிய விசையோடு இணைத்துக்கொள்ள அஃது இடமளித்தது.

மாற்றியமைக்கும் முறை

'லிப்ரே ஆபீஸ் ரைட்டர்' என்னும் கட்டற்ற மென்பொருளைச் சான்றாகக் கொள்வோம். இணையத்தில் கண்ட ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டும்போது, அதன் எழுத்துருவும் வண்ணமும் உடன்வந்து நம் கட்டுரையின் அமைப்பைக் குலைப்பதுண்டு. எழுத்துகளை மட்டும் ஒட்டுவதற்கு 'கன்ட்ரோல்', 'ஆல்ட்', 'ஷிப்ட்', 'வி' ஆகிய நான்கு விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். இச்செயலை அடிக்கடி செய்பவருக்கு இஃது இடர் தருவதாகும்.

'டூல்ஸ்' பட்டியில் 'கஸ்டமைஸ்' என்பதைத் தேர்ந்து, 'கீபோர்டு' என்னும் பகுதிக்குச் சென்றால் முன்னர்க் கூறிய அட்டவணை திரையில் தோன்றும். அதில் எளிதாக அழுத்தக்கூடியதும் வேறு செயலுக்கு ஒதுக்கப்படாததுமான ஒரு விசைச் சேர்க்கையைத் தேர்ந்து, வேண்டிய செயலை அதனோடு இணைக்க வேண்டும். 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' என்னும் உரைத்திருத்தியில் 'கன்ட்ரோல்' விசையோடு 'கே' விசையையும், அடுத்து 'கன்ட்ரோல்' விசையோடு 'எஸ்' விசையையும் அழுத்தினால் இத்தகைய அட்டவணை தோன்றும்.

கருத வேண்டியவை

ஒரு சேர்க்கை முன்னரே வேறொரு செயலுக்குரியதாக இருந்தால், புதிய இணைப்பு பழைய பயனை நீக்கிவிடக்கூடும். ஆகவே, மாற்றுமுன் அதன் தற்போதைய செயலை அறிதல் வேண்டும். 'ஆல்ட்' விசையோடு 'டேப்' விசையை அழுத்துவது போன்ற சில சேர்க்கைகளை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. அவை உரைத்திருத்தியை எட்டுவதில்லை.

சேமித்தல், நகலெடுத்தல், ஒட்டுதல் முதலிய பொதுவான குறுக்குவிசைகளை மாற்றாதிருப்பது நன்று. பள்ளி ஆய்வகத்திலோ பிறர் கணினியிலோ எழுத நேரும்போது, பழகிய விரல்கள் அங்கு வேறொரு கட்டளையை இட்டுவிடும். ஒரே நாளில் பலவற்றை மாற்றினால் எதுவும் மனத்தில் நில்லாது. ஒன்று கைக்குப் பழகிய பின்னரே அடுத்ததை மாற்றலாம். செய்த மாற்றங்களைத் தனிக் கோப்பாகச் சேமித்தால் வேறு கணினியிலும் பயன்படுத்தலாம். பிழை நேரின் தொடக்க நிலைக்கு மீட்கும் வசதியும் உண்டு.

வசதியா, தேவையா?

பார்வையுள்ளவருக்குக் குறுக்குவிசை நேரத்தைச் சேமிக்கும் ஒரு வசதி. பார்வையற்றவருக்கோ அதுவே வழி. திரையில் நகரும் சுட்டிக்குறியைக் காண இயலாத அவர்கள், சுட்டியால் செய்யும் செயல்களையும் விசைகளாலேயே செய்கின்றனர். திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையும் அவர்களுக்குண்டு. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட 'என்விடிஏ' அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று, விலையின்றிக் கிடைப்பது. திரைபடிப்பானுக்கும் உரைத்திருத்திக்கும் ஒரே சேர்க்கை அமைந்துவிட்டால் உரைத்திருத்தியின் செயல் தடைப்படும். இரண்டில் ஒன்றின் அட்டவணையை மாற்ற இயலுமாயின் அவர் எழுத்துப்பணி தொடரும்.

ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவர் தொலைவிலுள்ள இரு விசைகளை ஒருசேர அழுத்த இயலாது. விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலும் ஒரே சேர்க்கையாக ஏற்கும் 'ஸ்டிக்கி கீஸ்' என்னும் வசதியை இயங்குதளங்கள் அவருக்காகவே கொண்டுள்ளன. விண்டோஸ் கணினியில் 'ஷிப்ட்' விசையை ஐந்து முறை அழுத்தினால் இதனைப் பெறலாம். அதனோடு, அடிக்கடி வேண்டுவனவற்றை அண்மையிலுள்ள விசைகளுக்கு மாற்றிக்கொண்டால் அவரும் தடையின்றி எழுதலாம்.

எல்லாக் கைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே அமைப்பை அனைவர்மீதும் சுமத்தும் மென்பொருள் சிலரை எழுத்திலிருந்தே விலக்கிவிடுகிறது. நாளை நீங்கள் ஒரு மென்பொருளை உருவாக்கினால், அதன் குறுக்குவிசைகளை மாற்றும் உரிமையைப் பயன்படுத்துவோருக்கு அளியுங்கள். இன்றோ, நீங்கள் எழுதும்போது மிகுதியாகச் செய்யும் செயல் எதுவெனக் கண்டறிந்து, அதற்கு உங்கள் கைக்கேற்ற விசையை அமைத்துப் பாருங்கள்.