இலண்டன் பயணத்துக்கு முன் குழந்தைகளோடு படிக்கும் நூல்கள்

வெளிநாட்டுப் பயணத்துக்கான ஏற்பாடுகள் பெரும்பாலும் பெரியவர்களுடையவை. கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, பெட்டியின் எடை என்று அவை நீளும். குழந்தைகளுக்கு அதில் பங்கு குறைவு. போய் இறங்கியபின், தங்களுக்கு ஒன்றும் தெரியாத கட்டடங்களின் முன்னே நிற்கவைத்துப் படம் எடுக்கும்போது அவர்கள் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. செல்லவிருக்கும் ஊரில் நடக்கும் கதைகளை முன்கூட்டியே படித்திருந்தால், அந்த ஊரில் குழந்தைக்குத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே இருப்பார். இலண்டனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

புதிதாக வந்து இறங்கியவரின் கதை

மைக்கேல் பாண்டு எழுதிய முதல் பாடிங்டன் நூல் 1958-இல் வெளிவந்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து தனியாக வந்து சேரும் ஒரு கரடிக்குட்டியை, இலண்டனின் பாடிங்டன் இரயில் நிலையத்தில் ஒரு குடும்பம் கண்டெடுக்கிறது. அந்த நிலையத்தின் பெயரே கரடியின் பெயராகிறது. ஊர் வழக்கம் புரியாமல் கரடி விழிப்பதும், பின் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வதுமே கதை. முதன்முறை வெளிநாடு செல்லும் குழந்தையின் நிலையும் இதுதான். "அங்கே போய்த் தப்பாக ஏதாவது செய்துவிட்டால்?" என்று அஞ்சும் குழந்தைக்கு, நூறு தவறு செய்தும் அன்பாக நடத்தப்படும் கரடி நல்ல துணை.

சுரங்க இரயிலில் கரடி படும் பாட்டைப் படிக்கும்போதே, அங்கே நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு உரியது என்று சொல்லிவைக்கலாம். அறிவுரையாகச் சொன்னால் மறந்துவிடும். கதையோடு சேர்ந்தால் நினைவில் நிற்கும்.

கரடியின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல், குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் குழந்தைகளை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மீது பெயர் அட்டை கட்டப்பட்டிருந்தது. அந்தக் காட்சியின் நினைவே கரடியின் அட்டைக்குக் காரணம் என்று ஆசிரியர் கூறியிருக்கிறார். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம். பாடிங்டன் நிலையத்தில் கரடியின் வெண்கலச் சிலை இருக்கிறது.

படங்களில் ஓர் ஊர்

எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுக்குப் படநூல்களே ஏற்றவை. செக் நாட்டில் பிறந்த மிரோஸ்லாவ் சாசெக், நகரங்களைப் பற்றி வரிசையாகப் படநூல்கள் வெளியிட்டார். பாரிசும் இலண்டனும் 1959-இல் வந்தன. சிவப்புப் பேருந்து, காவலர்களின் உடை, பாலங்கள் எல்லாம் அதில் உண்டு.

பழைய நூல் என்பதால் எச்சரிக்கையும் தேவை. அந்த நூலில் இலண்டன் அடர்ந்த மூடுபனியோடு அறிமுகமாகிறது. அக்காலப் பனியோடு நிலக்கரிப் புகையும் கலந்திருந்தது. 1952 டிசம்பரில் ஐந்து நாள் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்தால் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதன்பின் 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அத்தகைய புகைமூட்டம் அங்கே இல்லை. "புத்தகத்தில் இருப்பதில் எவை மாறியிருக்கும்?" என்று முதலிலேயே கேட்டுவைத்தால், குழந்தை அங்கே ஏமாறாது, மாற்றங்களைத் தேடத் தொடங்கும்.

கதையும் உண்மையும்

கென்சிங்டன் பூங்காவில் 1912 முதல் பீட்டர் பான் சிலை நிற்கிறது. கதையை எழுதிய ஜே. எம். பாரி, அதன் உரிமையை 1929-இல் கிரேட் ஆர்மண்டு தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்தார். கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஹாரி பாட்டர் கதையில் வரும் ஒன்பதே முக்கால் நடைமேடையின் பலகையும், சுவருக்குள் பாதி புகுந்த தள்ளுவண்டியும் உள்ளன. அவை உண்மையான ஒன்பதாம், பத்தாம் நடைமேடைகளுக்கு இடையில் இல்லை; பயணிகள் கூடும் மண்டபத்தில் உள்ளன. வரிசையில் காத்திருக்க நேரலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

எப்படித் தொடங்குவது?

1. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். இரண்டு மூன்று நூல்கள் போதும்.
2. நூல் ஆங்கிலத்தில் இருந்தால் தயங்க வேண்டாம். நீங்கள் படித்துவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். படங்களைக் குழந்தை பார்க்கட்டும்.
3. கதையில் வரும் இடங்களை நகர வரைபடத்தில் குழந்தையே குறிக்கட்டும்.
4. கேள்வி கேட்டுத் தேர்வு வைக்காதீர்கள். பாடமாகிவிட்டால் ஆர்வம் போய்விடும்.
5. பயணத் திட்டத்தில் ஓர் அரை நாளைக் குழந்தை தேர்ந்தெடுத்த இடத்துக்கு ஒதுக்குங்கள். அன்று வழிகாட்டி குழந்தைதான். அந்த இடத்தின் கதையை அது சொல்ல, பெரியவர்கள் கேட்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அதே நூலை மறுபடி எடுத்துக் கொடுங்கள். "இங்கே நான் நின்றிருக்கிறேன்" என்று குழந்தை பக்கத்தைத் தொட்டுக் காட்டும். அடுத்த நூலை அது தானாகவே கேட்கும்.